அமெரிக்காவில் பண்ணை நிலம் வாங்கியவர்களுக்கு: கவுண்டி அலுவலகத்தில் மானியத்துக்குப் பதிவது எப்படி

இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில், ப்ளூமிங்டன்–நார்மல் போன்ற இரட்டை ஊர்களில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து அப்படியே வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஊரைத் தாண்டி வடக்கே கொஞ்சம் ஓட்டினால் லிவிங்ஸ்டன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்துவிட்டு, விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் நமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. வாங்கவும் செய்கிறார்கள். வாங்கிய பிறகு முதலில் வரும் கேள்வி இது: “இங்கே விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியம் தருகிறதாமே, நமக்கும் வருமா?”

வரும். ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக வராது. நன்றாக உழைத்தீர்கள் என்பதற்காகவும் வராது. கவுண்டி அலுவலகத்துப் பதிவில் உங்கள் பெயர், உங்கள் நிலம், நீங்கள் நட்ட பயிர் மூன்றும் சரியாக இருந்தால்தான் வரும். இதைத்தான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். விலை விழுந்து செலவு ஏறிய 2024 பயிருக்காக மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76 டாலர் என்று ஒரு அவசர உதவியை அறிவித்தார்கள். முந்தின ஆண்டில் நட்ட ஏக்கரை முறையாகத் தெரிவித்திருந்தவர்களுக்கு, விவரமெல்லாம் முன்கூட்டியே நிரப்பப்பட்ட விண்ணப்பமே வீடு தேடி வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியதுதான் அவர்கள் வேலை. தெரிவிக்காதவர்கள் அப்போதுதான் ஓடத் தொடங்கினார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

மானியம் எல்லாம் ஒரே மேசையிலிருந்து வருவதில்லை. மத்திய அரசின் வேளாண் துறைக்கு (யுஎஸ்டிஏ) கீழே மூன்று பிரிவுகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி. எல்லோரும் எஃப்எஸ்ஏ என்றே சொல்வார்கள். விலை, வருமான ஆதரவுத் தொகை, பேரிடர் உதவி, நிலத்தை ஓய்வுக்கு விடும் சிஆர்பி திட்டம், பண்ணைக் கடன் எல்லாம் இங்கேதான். நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் இதற்கு உண்டு. இரண்டாவது என்ஆர்சிஎஸ், மண், நீர் பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவில் பங்கு தருவது இவர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே கட்டடத்தில், ‘யுஎஸ்டிஏ சர்வீஸ் சென்டர்’ என்ற பலகையின் கீழ் இருக்கும். மூன்றாவது பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் பெரும்பங்கை அரசு ஏற்றாலும், பாலிசியைத் தனியார் ஏஜென்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும். எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் போய்க் காப்பீடு கேட்டால் ஏஜென்ட் பட்டியலைத்தான் காட்டுவார்கள்.

நீங்கள் வசிக்கும் கவுண்டி வேறு, நிலம் இருக்கும் கவுண்டி வேறு என்றால் நிலம் இருக்கும் இடத்து அலுவலகத்தில் தொடங்குங்கள். நேராகப் போய் நிற்காமல் போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் குறைவு. ஒரே அதிகாரி இரண்டு கவுண்டியைப் பார்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. நடவுக் காலத்திலும் ஜூலை தொடக்கத்திலும் கூட்டம் நெரியும். பிப்ரவரி மாதிரி பனிக்காலத்து நாளில் போனால் உட்கார வைத்து நிதானமாகப் பேசுவார்கள்.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். பத்திரம் பதிவான பிறகு இதில் எதையும் மாற்ற முடியாது.

விற்பவரிடம் ‘எஃப்எஸ்ஏ-156ஈஇசட்’ என்ற தாளைக் கேளுங்கள். அந்தப் பண்ணையின் சுருக்கப் பதிவு அது. பண்ணை எண், டிராக்ட் (பண்ணைக்குள் ஒரு துண்டு நிலம்) எண், எத்தனை ஏக்கர் பயிர் நிலம், எந்தப் பயிருக்கு எத்தனை ‘பேஸ் ஏக்கர்’, அதற்கான விளைச்சல் எண், சிஆர்பியில் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் இருக்கும். நிலத்தரகர்கள் பலரும் விற்பனை விவரத்தோடு இதையும் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் உரிமையாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தரலாம். தர மறுத்தால் நான் அந்த நிலத்தை யோசித்துத்தான் வாங்குவேன்.

பேஸ் ஏக்கர் என்பது இன்று வயலில் நிற்கும் பயிர் அல்ல. அந்த நிலத்தில் பழைய காலத்தில் என்ன நட்டார்கள் என்பதை வைத்து அரசு எழுதிவைத்த கணக்கு. 2002, 2014 சட்டங்களில் அதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். அது நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால் அதுவும் கூடவே வரும். விலை ஆதரவுத் தொகை இந்த ஏக்கருக்குத்தான். மக்காச்சோள பேஸ் உள்ள வயலில் நீங்கள் சோயா நட்டாலும் மக்காச்சோளத்துக்கான தொகையே வரும். பேஸ் இல்லாத நிலத்தில் மக்காச்சோளமே நட்டாலும் அந்தத் தொகை வராது. 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க இடம் கொடுத்தது. அதற்கு அடிப்படை 2019 முதல் 2023 வரையிலான நடவுப் பதிவுகள். இங்கேயும் பாருங்கள், பதிவு செய்து வைத்த நிலத்துக்குத்தான் கணக்கு.

ஒரு பெரிய பண்ணையில் ஒரு துண்டை மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், பேஸ் ஏக்கரை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி எழும். இருதரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் அந்தப்படி பிரிப்பார்கள். இல்லையென்றால் அலுவலகம் தன் விதிப்படி பிரித்துவிடும். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சிஆர்பியில் உள்ள நிலமா? அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுத்தால், விற்பவர் இதுவரை வாங்கிய தொகையை வட்டியோடு அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அதனால் அவரே இதைப் பேசுவார். ஏற்றுக்கொண்டால், மீதமுள்ள ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் உழவு இல்லை, அறுவடை இல்லை. அங்கே காய்கறித் தோட்டம் என்ற கனவை ஒப்பந்தம் முடியும் வரை தள்ளி வைக்க வேண்டியதுதான்.

கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு

நம்மவர்களில் பலர் ஹெச்-1பி விசாவில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாட்களுக்குள் ‘எஃப்எஸ்ஏ-153’ படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டம் இது. பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகைக்கும் பொருந்தும்; விற்கும்போதும் தெரிவிக்க வேண்டும். மொத்தம் பத்து ஏக்கருக்குள் இருந்து, விளைபொருள் விற்பனை ஆண்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு. தெரிவிக்காமல் விட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25% வரை அபராதம் போட முடியும். பெரிய கம்பெனிகளுக்கான சட்டம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தனி ஆளுக்கும் இதே சட்டம்தான்.

மானியத்துக்கும் தடை உண்டு. குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ அல்லாதவர், நிலம், முதலீடு இரண்டையும் தந்து, அதோடு கணிசமான உடல் உழைப்பையும் தானே தந்தால்தான் தகுதி. வேலை விசாவில் இருப்பவர் பண்ணையில் உழைப்பது விசா விதிகளோடு மோதலாம். அதனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள். மானியத்தை விட விசா முக்கியம். கணவன், மனைவியில் ஒருவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதென்றால், பண்ணையை யார் பெயரில் நடத்துவது என்பதை அந்தக் கோணத்திலும் யோசிக்கலாம். நிலம் வாங்க வெளிநாட்டவருக்கு மாநிலச் சட்டங்களும் கட்டுப்பாடு வைத்திருக்கலாம். அதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

நிலம் யாருடையது, பயிர் யாருடையது

நம்மில் பலர் வாங்கிய நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கே குத்தகைக்கு விடுகிறோம். வேலையை விட்டுவிட்டு கம்பைன் ஓட்ட முடியாதே. குத்தகை எப்படி என்பதைப் பொறுத்துத்தான் மானியம் யாருக்கு என்பது முடிவாகும்.

ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கக் குத்தகைக்கு விட்டால் நஷ்ட ஆபத்து முழுக்கப் பயிரிடுகிறவருடையது. ஆகவே விலை ஆதரவுத் தொகை அவருக்கே போகும், உரிமையாளருக்கு ஒன்றும் இல்லை. வாரத்துக்கு விட்டால், அதாவது விளைச்சலில் பங்கு என்றால், மானியமும் அதே பங்கில் பிரியும். ரொக்கம் வாங்கிக்கொண்டு, “மானியத்தில் பாதி எனக்குத் தாருங்கள்” என்று வாய்ப்பேச்சாக ஏற்பாடு செய்வது விதிமீறல். குத்தகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

ரொக்கக் குத்தகை கேவலமில்லை. மானியம் கிடைக்கும் நிலம் என்பதற்காகவே குத்தகைத் தொகையும் கூடுதலாக இருக்கும். எந்தத் தொந்தரவும் வேண்டாம் என்கிறவருக்கு அதுவே நல்லது.

முதல் நாள் எடுத்துப் போக வேண்டியவை

அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம். எல்எல்சி என்ற கம்பெனி அமைப்பின் பெயரில் வாங்கியிருந்தால் அதன் வரி எண், பதிவுச் சான்று, உறுப்பினர் பங்குகளைச் சொல்லும் ஒப்பந்தம் இவையும் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டி வரலாம். ஒருவர் வர முடியாவிட்டால் ‘எஃப்எஸ்ஏ-211’ என்ற அதிகாரப் பத்திரத்தில் மற்றவருக்கு உரிமை தரலாம்.

அங்கே அவர்கள் உங்களுக்கு ஒரு பண்ணை எண் தருவார்கள், அல்லது பழைய எண்ணில் உங்கள் பெயரைச் சேர்ப்பார்கள். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் உங்கள் வயல்களைக் கோடு போட்டுக் காட்டிய வரைபடம் ஒன்றும் கிடைக்கும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், ஏக்கர் அளவு. அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் படிவங்கள். நான்கு முக்கியம்.

‘ஏடி-2047’ உங்கள் அடிப்படை விவரம்; ஐந்து நிமிட வேலை. ‘சிசிசி-902’ பண்ணையை எப்படி நடத்துகிறீர்கள் என்ற திட்டம்: நிலம் யாருடையது, பணம் யாருடையது, இயந்திரம் யாருடையது, உழைப்பும் நிர்வாகமும் யார் தருவது. பேருக்கு விவசாயி என்று சொல்லிக்கொண்டு மானியம் வாங்குவதைத் தடுக்கத்தான் இது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘சிசிசி-941’ வருமானச் சான்று. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலருக்கு மேல் இருந்தால் பெரும்பாலான திட்டங்களுக்குத் தகுதி இல்லை. வருமான வரித் துறையிடம் சரிபார்க்க இந்தப் படிவத்திலேயே அனுமதி கொடுக்கிறீர்கள். எல்எல்சி என்றால் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவது ‘ஏடி-1026’. இதுதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. மண் எளிதில் அரித்துப்போகும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழமாட்டேன், ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழி. 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. வயலின் மூலையில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது, ஒரு குழாய் பதித்து வடித்துவிடலாம் என்று தோன்றும். ஓரத்தில் மரங்களை வெட்டி வேரைப் பிடுங்கினால் இன்னும் அரை ஏக்கர் கிடைக்குமே என்று தோன்றும். கை வைக்கும் முன் அலுவலகத்தில் சொல்லுங்கள். என்ஆர்சிஎஸ் வந்து பார்த்து எழுத்தில் முடிவு தரும். கேட்காமல் செய்து அது ஈரநிலம் என்று ஆகிவிட்டால், அந்த வயலுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லா நிலத்துக்கும் மானியம் நிற்கலாம்.

பண்ணை நடத்தத் தொடங்கிப் பத்து ஆண்டு ஆகாதவரா நீங்கள்? ஐந்தாவதாக ‘சிசிசி-860’ஐயும் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். ‘தொடக்கநிலை விவசாயி’ என்ற தகுதி அதில்தான் பதிவாகிறது. கட்டண விலக்கு, கூடுதல் பங்கு என்று பின்னால் பல சலுகைகள் இதைப் பிடித்துக்கொண்டு வரும். அலுவலகத்தில் அவர்களாகவே எடுத்து நீட்டாமல் போகலாம். நீங்கள் கேளுங்கள்.

ஏஆர்சியா, பிஎல்சியா

பேஸ் ஏக்கர் உள்ள பண்ணைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎல்சி விலைக்கு ஆதரவு. சட்டம் ஒரு ரெஃபரன்ஸ் விலையை வைத்திருக்கிறது. 2025 பயிரிலிருந்து மக்காச்சோளத்துக்கு புஷலுக்கு (இங்கே தானியத்தை அளக்கும் அலகு) 4.10 டாலர், சோயாவுக்கு 10.00 டாலர். முந்தைய ஆண்டுகளின் சந்தை விலை நன்றாக இருந்திருந்தால் இந்த அளவு தானாகக் கொஞ்சம் ஏறவும் செய்யும். சந்தை ஆண்டின் சராசரி விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தருவார்கள்.

கணக்கு எப்படி என்று பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். நாற்பது ஏக்கர் நிலத்தில் மக்காச்சோள பேஸ் 30 ஏக்கர், பதிவில் உள்ள பிஎல்சி விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், ரெஃபரன்ஸ் விலை 4.10, சராசரி சந்தை விலை 3.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 30 சென்ட். 150 புஷலுக்கு 45 டாலர். தொகை 85% பேஸ் ஏக்கருக்குத்தான், ஆகவே 25.5 ஏக்கர். பெருக்கினால் 1,147.50 டாலர். மத்திய பட்ஜெட் வெட்டு என்று 5.7% கழிப்பார்கள். கைக்கு வருவது சுமார் 1,082 டாலர்.

ஏஆர்சி வருவாய்க்கு ஆதரவு. கவுண்டியின் சராசரி விளைச்சலையும் விலையையும் பெருக்கி, அது வழக்கமான வருவாயில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தொகை வரும், ஒரு உச்சவரம்பு வரை. இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு கவுண்டிக்கு. உங்கள் வயலுக்கு அல்ல. உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை அடித்து, கவுண்டி முழுக்க நல்ல விளைச்சல் என்றால் ஏஆர்சி ஒன்றும் தராது. அதற்குத்தான் பயிர்க் காப்பீடு.

எது நல்லது? விலைதான் பயம் என்றால் பிஎல்சி. வறட்சி, வெள்ளம் என்று கவுண்டியே சேர்ந்து அடிபடும் இடம் என்றால் ஏஆர்சி. இல்லினாய் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் கவுண்டி வாரியாக இலவசக் கணக்கீட்டுக் கருவிகள் தருகின்றன. அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 2025 பயிருக்கு மட்டும், இரண்டில் எது கூடுதலோ அது தானாகவே கிடைக்கும் என்று சட்டம் சொல்லிவிட்டது. மற்ற ஆண்டுகளுக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 15. சட்டம் மாறும் ஆண்டுகளில் தேதி நகரும், அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்வு செய்வது மட்டும் போதாது, ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டும். தேர்வைச் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தை மறந்தால் அந்த ஆண்டுக்குப் பணம் கிடையாது.

மொத்த பேஸ் பத்து ஏக்கரோ அதற்குக் குறைவோ என்றால் பொதுவாகத் தொகை கிடையாது. தொடக்கநிலை விவசாயிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. முன்பு சொன்ன 860 படிவம் இங்கே கை கொடுக்கும்.

ஜூலை 15

நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுதுவாரே, எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் என்று. அந்த வேலையை இங்கே விவசாயியே போய்ச் செய்ய வேண்டும். ‘எஃப்எஸ்ஏ-578’ என்ற அந்த அறிக்கையில் வயல் எண், பயிர், ஏக்கர், நட்ட தேதி, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். இல்லினாயில் மக்காச்சோளம், சோயா போன்ற வசந்தகாலப் பயிர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. குளிர்காலக் கோதுமைக்கு வேறு தேதி. மேய்ச்சல் நிலம், வைக்கோல் புல், காய்கறிப் பாத்தி, சும்மா கிடக்கும் வயல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு எந்தத் திட்டத்திலும் சேரவில்லை என்றாலும் இதைக் கொடுங்கள். காசு செலவில்லை. அவசர உதவி எதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2018இல் சீனாவோடு வர்த்தகப் போர் வந்தபோதும், 2020இல் கொரோனாவின்போதும், 2025இலும் கையில் தயாராக இருந்த பதிவுகளை வைத்துத்தான் வேகமாகப் பணம் கொடுத்தார்கள். தாமதமாகத் தெரிவித்தால் அபராதக் கட்டணமும், வயலை வந்து சரிபார்க்கும் செலவும் உங்கள் தலையில்.

மழை விடாமல் பெய்து நடவே முடியவில்லை என்றால் அதற்கும் அறிவிப்பு உண்டு. நடவுக் கடைசித் தேதியிலிருந்து 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். காப்பீடு எடுத்திருந்தால் அலுவலகத்தில் சொன்ன ஏக்கரும் ஏஜென்ட்டிடம் சொன்ன ஏக்கரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஐந்து ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர்களுக்கு

“இதெல்லாம் ஆயிரம் ஏக்கர்காரருக்கு, நமக்கு என்ன?” என்று சிறிய தோட்டக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பேஸ் ஏக்கர் பணத்தில் பெரும்பகுதி பெரிய பண்ணைகளுக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் சிறியவர்களுக்கென்றே இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன.

ஒன்று நேப். சாதாரணக் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான உதவி. விளைச்சலில் பாதிக்கு மேல் இழந்தால், அந்தப் பாதியைத் தாண்டிய இழப்புக்குச் சராசரிச் சந்தை விலையில் 55% வீதம் தருவார்கள். இது அடிப்படை அளவு. கட்டணம் பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825. தொடக்கநிலை விவசாயிக்கு அந்தக் கட்டணமும் இல்லை. நடுவதற்கு முன்பே சேர வேண்டும்; பயிருக்குப் பயிர் தேதி மாறும். சேதம் நேர்ந்தால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கையால் பறிக்கும் காய்கறிகளுக்கு அவகாசம் இன்னும் குறைவு, 72 மணி நேரம். உறைபனி அடித்த காலையில் செடிகளைப் படம் எடுத்துவிட்டு அன்றே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது ஈக்யூஐபி, என்ஆர்சிஎஸ் தருவது. ‘ஹை டனல்’ என்ற பிளாஸ்டிக் கூடாரம், சொட்டுநீர், மூடாக்கு, வேலி என்று பல வேலைகளுக்கு. வழக்கமாகச் செலவில் 75% வரை, தொடக்கநிலை விவசாயிக்கு 90% வரை ஏற்பார்கள். பொருள் வாங்க ஒரு பகுதியை முன்பணமாகவும் கேட்கலாம். இல்லினாய் குளிரில் ஏப்ரலிலேயே வெண்டைக்கும் கத்தரிக்கும் நாற்று விட வேண்டுமென்றால் ஹை டனல் பெரிய துணை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் இல்லை. “விண்ணப்பம் போட்டாச்சே” என்று குழி தோண்ட ஆரம்பித்துவிடாதீர்கள். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். தேர்வு மட்டும் குறிப்பிட்ட தேதிகளில் நடக்கும். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நிலத்துக்கு ஓய்வு கொடுத்தால்

சிஆர்பியில் பயிர் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு வரை புல், பூ, மரம் வளர விட்டுவிட்டு ஆண்டு வாடகை வாங்கலாம். 1985இல் தொடங்கியது. வாடகை கவுண்டியையும் மண் வகையையும் பொறுத்தது. ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. விதைச் செலவிலும் பங்கு உண்டு. நிலம் வாங்கி 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஓடைக் கரையில் அரிக்கிற நீளமான பட்டை இருந்தால் முழு நிலத்தையும் விடாமல் அந்தப் பட்டையை மட்டும் சேர்க்கலாம். நல்ல மண்ணைப் பயிருக்கு வைத்துக்கொண்டு, எப்படியும் விளையாத ஓரத்தை மட்டும் கொடுப்பதுதான் என் அபிப்பிராயத்தில் சரி.

பணம் எப்போது, எப்படி

புதியவர்கள் எதிர்பார்ப்பதை விட மிகத் தாமதமாக. மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடியும். முழு ஆண்டின் சராசரி விலை தெரிந்த பிறகுதான் கணக்குப் போட முடியும். அதனால் 2025இல் அறுத்த பயிருக்கான ஏஆர்சி, பிஎல்சி தொகை 2026 அக்டோபருக்குப் பிறகுதான். இதை நம்பி வசந்தகால விதைக் கடனைத் திட்டமிடாதீர்கள். சிஆர்பி வாடகையும் அக்டோபர் வாக்கில் வரும். எல்லாம் நேராக வங்கிக் கணக்கில். கணக்கு எண் மாறினால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஏஆர்சி, பிஎல்சிக்கு ஒருவருக்கான உச்சவரம்பு 2025 சட்டத்தில் 1,55,000 டாலராக உயர்ந்தது. நாற்பது ஏக்கர்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரிதான் கவலை. அடுத்த ஜனவரியில் 1099-ஜி தாள் வரும். பண்ணை வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பது இந்த நாட்டில் பொதுத் தகவல். என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான தொகைகளைக் கவுண்டி வாரியாக, பெயர் வாரியாகத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் பெயரும் அதில் வரும், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு இதில் கவலை இல்லை. நீங்களும் வாங்கப்போகும் கவுண்டியின் பக்கத்தைத் திறந்து, எந்தத் திட்டத்தில் அங்கே அதிகம் பணம் வருகிறது என்று பாருங்கள். சிஆர்பி அதிகமா, பேரிடர் உதவி அதிகமா என்பதை வைத்தே அந்த மண்ணின் குணம் ஓரளவு பிடிபடும். காப்பீட்டு மானியம் மட்டும் பெயரோடு வெளிவருவதில்லை.

மறுத்துவிட்டால்

விண்ணப்பத்தைத் தள்ளினால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் அவகாசம். முதலில் கவுண்டி கமிட்டியிடம் முறையிடலாம். அங்கே தோற்றால் மாநிலக் கமிட்டி, அல்லது நேஷனல் அப்பீல்ஸ் டிவிஷன் என்ற தனி அமைப்பு. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. வரைபடம், 578 நகல், தேதியோடு எடுத்த படங்கள், நீங்கள் போன மறுநாள் அனுப்பிய மின்னஞ்சல்கள் போதும். அதனால்தான் ஒவ்வொரு முறை அலுவலகம் போகும்போதும் வந்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் போடச் சொல்கிறேன். கேட்டால் தருவார்கள்.

அந்தக் கவுண்டி கமிட்டியில் இருப்பவர்கள் அதிகாரிகள் இல்லை, விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள். மூன்று முதல் பதினொரு பேர் வரை, மூன்றாண்டுப் பதவி. நவம்பரில் வாக்குச்சீட்டு தபாலில் வரும், டிசம்பர் தொடக்கத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வேட்பாளர்களாக நிற்க விரும்புகிறவர்கள் ஆகஸ்ட் 1க்குள் பெயர் கொடுக்க வேண்டும். பதிவு முடிந்து வாக்காளர் தகுதியும் இருந்து நவம்பர் நடுவிலும் சீட்டு வரவில்லை என்றால், அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.